‘அழிக்கக் கூடாதவை’: ஆல்பம் ஆர்டர் படிவத்தில் ஒரு புதிய கட்டம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் ஆர்டர் படிவத்தின் அடியில் ‘அழிக்கக் கூடாதவை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள். காரணம், டச்சிங் (பரு, கறை நீக்கிப் படத்தைச் சீராக்கும்) வேலையில் பாதியை இப்போது சாஃப்ட்வேரே செய்கிறது.

நாங்கள் பயன்படுத்தும் லைட்ரூம் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் 2022 அக்டோபரிலிருந்து, படத்தில் இருக்கும் ஆட்களைத் தானே கண்டுபிடித்து முகத்தோல், உடல்தோல், புருவம், கண்வெள்ளை, கருவிழி, உதடு, பல், முடி எனத் தனித்தனியாக மாஸ்க் போடும் (அந்த இடத்தை மட்டும் திருத்தும்படி பிரித்துக் குறிக்கும்) வசதி இருக்கிறது. முன்பு பிரஷ்ஷால் சுற்றி வரைந்த வேலை இப்போது சில நொடிகளில் முடிகிறது. இது நல்ல வசதி, குறை சொல்ல மாட்டோம். முகத்தோல் மாஸ்க்கில், தோலின் சொரசொரப்பைக் கூட்டிக் குறைக்கும் டெக்ஸ்சர் ஸ்லைடரை மைனஸ் 20, 25 வரை இறக்குவோம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் தோலின் நுண்துளைகள் மறைந்து முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். போன் திரையில் அது ‘பளிச்’ என்றுதான் தெரியும். அதையே 12-க்கு 36 அங்குல ஷீட்டில் அச்சடித்து, முகம் உள்ளங்கை அகலத்துக்கு வரும்போதுதான் மெழுகு தெரியும்.

சிக்கல், பருவைத் தேடிப்பிடித்து அழிக்கும் தானியங்கிக் கருவிகளில் இருக்கிறது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ சிவந்தோ சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பருவும் புள்ளிதான், மச்சமும் புள்ளிதான், குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் புள்ளிதான். ஒற்றைக்கல் மூக்குத்தி சில கோணங்களில் காணாமல் போகும். நெற்றியில் மெல்லிசாக இட்ட விபூதிக் கீற்றை ‘சீரற்ற நிறம்’ என்று நினைத்து மங்கடித்துவிடும். அதனால் அந்த பட்டனை மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அடியாக ஓட்டுவதில்லை. ஆனாலும் தாடைக்குக் கீழே இருப்பது மச்சமா, அன்றைக்கு மட்டும் வந்த பருவா என்று எங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். மச்சம், பழைய தழும்பு, பச்சைகுத்து, கன்னக்குழி என எதுவானாலும் ஆள், இடம் குறிப்பிட்டு எழுதுங்கள்: ‘மாப்பிள்ளையின் அம்மா, இடது புருவத்துக்கு மேல் தழும்பு, இருக்கட்டும்’ என்ற அளவுக்கு.

‘நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்தை வெளுத்தால் கழுத்தும் கையும் வேறு ஆளுடையதுபோல் நிற்கும். எல்லாவற்றையும் வெளுத்தால் பட்டின் அரக்கு நிறம் ரோஸாகிவிடும்.

அடுத்து, பேக்ரவுண்ட் பிளர், அதாவது பின்னணியை மங்கலாக்குவது. லைட்ரூமில் இதற்கான ‘லென்ஸ் பிளர்’ 2023 அக்டோபரில் சோதனை வடிவில் வந்தது. உண்மையான லென்ஸில், ஃபோகஸ் செய்த இடத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு விலகி இருக்கிறதோ அந்த அளவுக்கு மங்கும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எது எவ்வளவு தூரம் என்று சாஃப்ட்வேர் ஊகித்து ஒரு ஆழ வரைபடம் போடுகிறது. ஊகம் தப்பினால் பிளரும் தப்பும்.

எங்கே தப்பும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மணப்பெண் இடுப்பில் கை வைத்து நின்றால், கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள முக்கோணச் சந்தில் பின்னணி கூர்மையாகவே நின்றுவிடும். ஜிமிக்கியின் தொங்கல் முத்துகளில் பாதி தெளிவாகவும் பாதி கரைந்தும் இருக்கும். கொண்டையிலிருந்து பிரிந்து நிற்கும் முடியிழைகளையும் மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் பின்னணியோடு சேர்த்து மங்கடித்துவிட்டு, தலையைச் சுற்றி ஒரு வெளிர் வளையத்தை விட்டுவைக்கும். ஹோமப் புகை இன்னும் மோசம். அதற்கு முன்னும் பின்னும் ஆட்கள் தெரிவதால் எதைத் தூரமாக எடுத்துக்கொள்வது என்று கருவி திணறும். மூன்று வரிசைக் குடும்பப் படத்தில் பின்வரிசைப் பெரியவர்கள் ‘பின்னணி’ ஆகிவிடுவார்கள். அதில் நாங்கள் பிளரே போடுவதில்லை.

மற்ற படங்களில் பிளர் அளவை 25 முதல் 35-க்குள் வைப்போம். ஆழத்தைக் காட்டும் பார்வையைத் திறந்து, தப்பாகக் குறித்த இடங்களை ஃபோகஸ் பிரஷ், பிளர் பிரஷ் இரண்டாலும் திருத்துவோம். காலடித் தரையை அவசியம் பார்ப்போம்: கால் தெளிவாக இருந்து, அதை ஒட்டியே தரை சட்டென மங்கினால் ஆளை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். பிளர் ஆன பகுதி வழவழப்பாகிவிடுவதால், மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களில் அங்கே கொஞ்சம் கிரெயின் (மணல்போன்ற நுண்புள்ளிகள்) சேர்க்கிறோம். இல்லாவிட்டால் அச்சில் சுவர் வரிவரியாகத் தெரியலாம். ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்க்கவேண்டி இருப்பதால்தான் ஒரு வாரம் கேட்கிறோம்.

உங்கள் போனில் எடுத்த படங்களை ஆல்பத்தில் சேர்ப்பதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கான 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். ஐபோன் போர்ட்ரெய்ட் மோடு படமானால் அசல் ஃபைலே வேண்டும். ஆழத் தகவல் அதற்குள்ளேயே இருக்கும், ஊகிக்க வேண்டியதில்லை. வேறு ஆப்பில் ஏற்கெனவே பிளர் செய்து சேமித்த படத்தை எங்களால் பழையபடி தெளிவாக்க முடியாது.

விசா படங்களில் இந்த வேலை எதுவும் கிடையாது. அமெரிக்க விசாவுக்கு 2-க்கு 2 அங்குலம், வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி; 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடியும் கூடாது. சாஃப்ட்வேர், ஃபில்டர், ஏஐ எதைக்கொண்டும் முகத்தைத் திருத்திய படம் ஏற்கப்படாது. எனவே பரு இருந்தால் பருவோடுதான் தருவோம்.

ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் இரண்டு மாதிரிப் படங்களை, ஒன்று டச்சிங்குக்கும் ஒன்று பிளருக்குமாக, 8-க்கு 12-ல் அச்சடித்துக் காட்டுவோம். போனில் பார்த்து ஓகே சொல்லாமல் நேரில் வந்து பாருங்கள். லைட்ரூம் திருத்தங்கள் அசல் ஃபைலைத் தொடுவதில்லை என்பதால், டெலிவரி ஆன பிறகும் 90 நாட்களுக்கு அசலை வைத்திருப்போம். அதற்குள் மனசு மாறிக் கேட்டால், எடுத்த மச்சத்தைத் திரும்ப வைத்துத் தருகிறோம். அந்த ஒரு ஷீட்டின் அச்சுக்கூலி மட்டும் ஆகும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ டச்சிங் பிரிவு