அரையாண்டுச் செய்திகளும் அரிக்கமேடு சுற்றுலாவும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, மதிப்பெண் அட்டைகளும் வீட்டுக்கு வந்திருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களுக்கு நன்றி. அனுப்பாதவர்கள் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் வழக்கம்போலச் சிறப்பாகப் பங்கேற்றார்கள். பேச்சு, கட்டுரை, ஓவியம் எல்லாவற்றிலும் பரிசுகள் வந்திருக்கின்றன. பொங்கல் விழாவுக்குக் கரும்பும் பானையும் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குடிநீர்த் தொட்டி வேலையும் ஒருவழியாக முடிந்துவிட்டது.

அப்புறம், எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் சுற்றுலா. பிப்ரவரி முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பேருந்து கிளம்பும். முதலில் புதுச்சேரி அருங்காட்சியகம், பிறகு ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு, கடைசியாக வீராம்பட்டினம் கடற்கரை. இரவு 7 மணிக்குள் திரும்பிவிடுவோம்.

"அரிக்கமேட்டில் பார்க்க என்ன சார் இருக்கு, ஒரு மேடும் தோப்பும்தானே?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அகழாய்வுக் குழிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். அங்கே நிற்கிற பழைய செங்கல் சுவர்கூட ரோமானியர் காலத்தது இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். பிள்ளைகள் அதன்முன் நின்று படமெடுத்து 'ரோமானியக் கோட்டை' என்று ஸ்டேட்டஸ் போட்டால் நீங்களாவது திருத்துங்கள்.

அருங்காட்சியகத்தை முதலில் வைத்ததற்குக் காரணமே இதுதான். மேட்டில் கிடைத்தவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால், அந்த வெறும் மண் வேறு மாதிரித் தெரியும். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள், இத்தாலியில் வனைந்த சிவப்புப் பளபளப்புத் தட்டுகளின் துண்டுகள், கண்ணாடி மணிகள், கல்மணிகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் அங்கே கிடைத்தவை. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது அந்தச் சிவப்புத் தட்டுத் துண்டுகள்தான் அவருக்குக் கைகொடுத்தன. அவை இத்தாலியில் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது முன்பே தெரியும் என்பதால், அவை கிடந்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டு என்று சொல்ல முடிந்தது. அது ரோமானியர் கட்டிய ஊர் என்று மட்டும் பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. பின்னால் 1989 முதல் 1992 வரை தொல்லியல் அறிஞர் விமலா பெக்லியின் குழு செய்த ஆய்வில், ரோம் வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெரியவந்தது. நம் ஊர்தான், யவனர், அதாவது மேற்கிலிருந்து வந்த ரோமானிய, கிரேக்க வணிகர்கள், வந்து வியாபாரம் செய்தார்கள்.

1937இல் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு இந்த இடத்தின் மேல் ஆர்வம் வந்ததே, ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பார்த்துத்தான் என்பார்கள். நம் பிள்ளைகளும் அதே வேலையில் இறங்க வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம். எதைப் பார்த்தாலும் ஆசிரியரிடம் காட்டலாம், சட்டைப்பையில் போடக் கூடாது.

சரி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்கான இடம் மட்டும்தான் விட்டிருந்தோம். திரும்பி வந்தவற்றில் பலவற்றில் அதன் கீழே "கடலில் குளிக்க அனுமதிக்கவும்" என்று பேனாவால் எழுதியிருக்கிறது. (அப்பாவின் கையெழுத்தும் மகனின் கையெழுத்தும் ஒரே மாதிரி வளைந்திருக்கும் படிவங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.) இன்னும் சிலர், தாங்களே வண்டியில் கடற்கரைக்கு வந்து பிள்ளைகளைக் குளிக்கவைத்து, அங்கிருந்தே பாண்டியில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள். அருங்காட்சியகம் எதற்கு, நாள் முழுக்கக் கடற்கரையிலேயே இருக்கட்டுமே என்றும் வகுப்புக் குழுவில் ஒரு பேச்சு ஓடியது.

உங்கள் ஆசை புரியாமல் இல்லை. பிள்ளைகளில் பாதிப்பேர் கடலைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. அலையைப் பார்த்தபின் கரையில் நில் என்றால் யாருக்கும் கஷ்டம்தான்.

ஆனால் நம் கிழக்குக் கரைக் கடல் ஏரியோ குளமோ இல்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். நீருக்கடியில் மணல்திட்டு எங்கே உடைந்திருக்கிறதோ, அந்த இடுக்கு வழியாக வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இதில் மோசம் என்னவென்றால், அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும். குளிக்க வருபவர் அங்கேதான் இறங்குவார். மழைக்காலம் முடிந்த கையோடு மணல் எங்கே குவிந்திருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்து நம்மால் சொல்ல முடியாது. இழுப்பில் மாட்டியவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துத்தான் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். பயத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நினைவுக்கு வருமா? நீச்சல் தெரியும் என்று நீங்கள் எழுதியிருப்பது கிணற்று நீச்சலும் குளத்து நீச்சலும்.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளையும் கடலில் குளிக்காது. பத்துப் பேர் கொண்ட குழுவாக, ஆசிரியர்கள் கடல் பக்கம் நிற்க, ஈரமணலில் கணுக்கால் வரை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பெற்றோர் நேரில் வந்து கேட்டாலும் நடுவழியில் பிள்ளையை அனுப்ப மாட்டோம். காலையில் ஏறிய எல்லோரும் அதே பேருந்தில்தான் பள்ளிக்குத் திரும்புவார்கள். கூடுதலாக ஏதாவது எழுதிவந்த படிவம் செல்லாது, புதிய படிவம் இன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், அந்தப் பிள்ளையின் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இருக்காது. என் ஆசிரியர்களைக் கடற்கரையில் உங்களோடு வாதாடவைக்க மட்டும் நான் தயாராக இல்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. பரவாயில்லை, உங்களில் பெரும்பாலோர் இதையே நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குளிக்க விடமாட்டீர்கள்தானே என்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்ட தாய்மார்களும் உண்டு.

மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ கட்டிக்கொடுங்கள். தயிர்ச்சாதம் வெயிலில் தாங்காது. தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்று உடை ஒரு செட் போதும். செல்போன் வேண்டாம். பேருந்து எங்கே வருகிறது என்பதை வகுப்பாசிரியர்கள் குழுவில் போடுவார்கள். புதிய படிவம் வெள்ளிக்கிழமைக்குள் எங்களுக்கு வந்துசேர வேண்டும்.

முதலுதவிப் பெட்டி வாங்கித்தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், கூட வர முன்வந்திருக்கும், ஒரு மாணவியின் அம்மாவான செவிலியருக்கும், இவ்வளவு தூரம் பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்