தனுஷ்கோடிக்கு ஓடக் கிளம்பும் தீயணைப்புத் தம்பிக்கு

அன்புத் தம்பி,

வணக்கம். ஏப்ரல் 14-இல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் மதுரையிலிருந்து கிளம்பி, முழுக் கவச உடையில், மூன்று பகலில் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஓடப் போகிறீர்கள் என்றும், வழியெல்லாம் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றும் அறிந்தோம். 108 ஆம்புலன்ஸ் ஓட்டும் பைலட்டுகளும், அதில் முதலுதவி பார்க்கும் இ.எம்.டி.க்களும் உங்களோடு சேர்வது இரட்டிப்பு மகிழ்ச்சி. இந்த ஓட்டம் நடந்தே ஆக வேண்டும். ஆனால் ஏப்ரலில் வேண்டாம், அந்த உடையில் வேண்டாம், முழுத் தூரத்தையும் ஒரே ஆள் ஓடவும் வேண்டாம்.

ஏப்ரல் 14-இன் கனம் எங்களுக்குத் தெரியும். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மடிந்த நாள் அது. அன்று நிலையத்தில் அஞ்சலி செலுத்துங்கள். ஓட்டத்தை ஜனவரி கடைசி வாரத்துக்குக் கொண்டுபோங்கள். ஏன் மாற்றினோம் என்று கேட்பவரிடம், "ஏப்ரல் பகலில் மதுரை ரோட்டில் ஆள் ஓட முடியாது, அதைச் சொல்லத்தான் ஓடுகிறோம்" என்று சொல்லுங்கள். உங்கள் முழக்கங்களில் இதற்கு மேல் ஒன்று தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 70 கிலோகலோரி எரிகிறது. அதில் முக்கால் பங்கு வெறும் சூடாக உடம்பில் தங்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ள, வெயில் காலத்தில் வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் குளிர்ச்சி இல்லை. கவச உடை நெருப்பை உள்ளே விடாமல் தடுப்பது போலவே உடம்புச் சூட்டை வெளியே விடாமலும் தடுக்கும். முதுகில் சுமக்கும் மூச்சுக்காற்று உருளையான பி.ஏ. செட்டையும் மாட்டினால் சுமை இருபது கிலோவைத் தொடும். அப்படி ஓடினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் ஆறாவது கிலோமீட்டரில் நீங்களே 108-க்கு ஒரு அழைப்பு ஆகிவிடுவீர்கள். கவச உடை பின்னால் வண்டியில் வரட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். ஓடுவதற்கு மெல்லிய பாலியெஸ்டர் பனியன். பருத்தி நனைந்தால் கனத்துப்போய் அக்குளையும் தொடையையும் அறுக்கும்.

2022-இல் கிளாஸ்கோவிலிருந்து எகிப்தின் ஷாம் எல் ஷேக் வரை, ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்த ஊரிலிருந்து அடுத்து நடக்கவிருந்த ஊருக்கு, ஒரு தொடர் ஓட்டக் குச்சியைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் கொண்டுபோனார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனை 20 கி.மீ. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 34 கி.மீ., சனிக்கிழமை கடைசி 20 கி.மீ. பன்னிரண்டு பேர், ஆறு ஜோடி, ஒரு ஜோடிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஏழு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் நான்கு மணி நேரம். கைமாற்ற அரை மணி சேர்த்து, விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் 8.30-க்கு முடிந்துவிடும். பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சரியாகப் போய் நிற்கலாம். தை அமாவாசை அந்த வாரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைக் கூட்டத்தில் இராமேஸ்வரத்துக்குள் வண்டியே நுழையாது.

இரவுப் பணி முடித்த காலையில் யார் பெயரும் ஓட்டப் பட்டியலில் இருக்கக் கூடாது. 12 மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் ஓடுபவரின் உடம்பு, அதே சூட்டை மோசமாகத்தான் தாங்கும். இதில் யார் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டரை மணி நேரம் இருட்டு. பழனி பாதயாத்திரைக்காரர்கள் பையில் ஒட்டுகிற ஒளிரும் ஸ்டிக்கரை முன்னும் பின்னும் ஒட்டுங்கள். தலையில் விளக்கு கட்டி, எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடுங்கள். திருப்புவனம், மானாமதுரை வழியாகப் பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, ஓரம் அகலம். அதன்பின் சாலை குறுகும். அங்கே இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓடாமல் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று தள்ளும், பாதி இடத்தில் சுற்றுலா வண்டிகள் நிற்கும். பொழுது நன்றாக விடிவதற்குள் கடந்துவிடுங்கள். அரிச்சல்முனை சாலையில் நிழலுமில்லை, குடிதண்ணீருமில்லை.

குடிப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் சர்க்கரையும் உப்பும் இரண்டு மடங்காகி வயிற்றைப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், அட்டைப்பெட்டி ஜூஸ் அதற்கு ஈடாகாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். 70 கிலோக்காரருக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார். ஓடும் முன் வலி மாத்திரை போடவே கூடாது; தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

இனி வெப்பத்தாக்கு. ஜனவரியிலும் வரலாம். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓடி விழுந்தவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டேகூட இருக்கும். பார்க்க வேண்டியது பேச்சை: பெயர் கேட்டால் உளறுகிறாரா, கால் பின்னுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அது குறைத்துக் காட்டும். உடனே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் தார்ப்பாயை விரித்து, அவரை நடுவில் கிடத்தி, ஆறு பேர் ஓரத்தைத் தூக்கித் தொட்டில் போலப் பிடியுங்கள்; நான்கைந்து இருபது லிட்டர் கேன் தண்ணீரை ஊற்றி ஐஸைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் இப்படிக் குளிர்வித்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். முதல் அரை மணிக்குள் குளிர்வித்தால் பிழைப்பவர்கள், ஏற்றிக்கொண்டு ஓடும் அவசரத்தில் போய்விடுகிறார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் மீனுக்கு உடைக்கும் ஐஸ் கிடைக்கும். அதற்கு முன்னால் பெட்டியில் கொண்டுபோங்கள்.

பள்ளியில் பத்து நிமிடம் கிடைத்தால் ஐந்து நிமிடத்தை இந்தத் தார்ப்பாய்க்கே கொடுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு இது பயன்படும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததையும் சொல்லுங்கள். மீதி நேரத்தில் நீங்கள் கண்ணால் பார்ப்பதை மட்டும் பேசுங்கள், மிகைப்படுத்த வேண்டாம். பருவநிலை மாற்றம் குப்பைக் கிடங்குக்குத் தீ வைப்பதில்லை. காய்ந்ததை மேலும் காயவைத்து, பிடித்த தீயை அணைக்க விடாமல் செய்கிறது. 2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர் மூழ்கியதற்குக் கால்வாய் அடைபட்டதும் காரணம், மழை ஒரே நேரத்தில் கொட்டியதும் காரணம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்ததை அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களோடு வர 108 வண்டியைக் கேட்காதீர்கள். அந்த வாரத்தில் மானாமதுரைப் பக்கம் ஒரு பிரசவத்துக்கு வண்டி தாமதமானால் இந்த ஓட்டத்துக்கு அர்த்தமே இல்லை. விடுப்பில் இருக்கும் இ.எம்.டி. ஒருவர், ஒரே ஒரு வாடகை வேன், தண்ணீர்க் கேன், தார்ப்பாய், ஐஸ் பெட்டி, எவர்சில்வர் டம்ளர்: இது போதும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், துணியில் எழுதுங்கள். ஓடி முடித்த ஜோடி அரசுப் பேருந்தில் அடுத்த இடத்துக்குப் போகட்டும்.

விண்ணப்பத்தை நவம்பரிலேயே மாவட்ட அலுவலர் வழியாகக் கொடுங்கள். பாதை மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என மூன்று மாவட்டம் என்பதால் காவல்துறைக்கும் தனித்தனியே கடிதம் வேண்டும். தனுஷ்கோடிச் சோதனைச் சாவடிக்கு விடியற்காலை நேரத்தைக் குறிப்பிட்டுத் தனியாகக் கேளுங்கள். பேசப்போகும் குறிப்பையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காட்டி யாரும் பிறகு உங்களைக் கூப்பிட்டு விசாரிக்க இடம் வைக்காதீர்கள்.

அன்புடன்,
நெடுந்தூர ஓட்டங்களில் முதலுதவி பார்க்கும் உங்கள் அண்ணன்மார், அக்காமார்
மதுரை