உன் பெயரைப் பற்றி

அன்பு மகள் கிளாராவுக்கு,

உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று போனில் கேட்டாய். ‘வெளிச்சம்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். அதோடு விட மனம் வரவில்லை.

கிளாரா என்பது ‘கிளாருஸ்’ என்ற லத்தீன் சொல்லின் பெண்பால். தெளிவான, ஒளியுள்ள, பேர்பெற்ற என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. ரோமப் பேரரசில் செனட்டர்களுக்கு ‘கிளாரிசிமுஸ்’ என்பது பட்டம், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ‘கிளாரிசிமா’. எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கெல்லாம் முந்தையது. உரக்கக் கூப்பிடுவதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொற்களோடு இதற்கு வேர் உறவு உண்டு என்கிறார்கள் மொழியறிஞர்கள். அதாவது முதலில் அது காதுக்கு உரிய சொல். கணீரென்று கேட்கும் குரலைச் சொன்னது, பிறகுதான் கண்ணுக்கும் வந்தது. கிளாரினெட் என்ற வாத்தியத்தின் பெயரும் இதே குடும்பம்தான்.

உன்னைச் சுமந்திருந்தபோது நான் அசிசி நகர் புனித கிளாராவின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் தாய் ஓர்தொலானா, பிரசவத்துக்குப் பயந்து சிலுவையின் முன் ஜெபித்தபோது, உலகுக்கு ஒளி தரும் பிள்ளையைப் பெறுவாய் என்று ஒரு குரல் கேட்டதாம். அதனால் பிள்ளைக்குக் கிளாரா என்று பெயர் வைத்தாராம். வெளிச்சம் என்ற பொருள் அங்கேதான் என் மனதில் ஒட்டியது.

ஆனால் அந்தக் கிளாராவின் வாழ்க்கையில் நான் கேட்பது குரலைத்தான். தான் நடத்திய பெண் துறவியர் மடத்துக்குச் சொத்து எதுவும் வேண்டாம், ஏழைகளாகவே இருப்போம் என்று அவர் கேட்டார். திருத்தந்தை ஒருவரே உடைமை வைத்துக்கொள்ளச் சொல்லியும் இணங்கவில்லை. தன் மடத்துச் சகோதரிகளுக்கான ஒழுங்குவிதிகளைத் தானே எழுதினார். 1253 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திருத்தந்தை நான்காம் இன்னோசென்ட் அவற்றுக்கு ஒப்புதல் தந்தார். கிளாரா 11-ஆம் தேதி இறந்தார். பல ஆண்டுகள் படுக்கையில் நோயோடு கிடந்தும் விட்டுக்கொடுக்காதவர், அந்த ஒப்புதலைக் கையில் வாங்கிவிட்டுத்தான் போனார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதே பெயரில் அப்புறம் வந்தவர்களும் உண்டு. 1910-இல் கோபன்ஹேகனில் நடந்த சோஷலிசப் பெண்கள் மாநாட்டில், பெண்களுக்கென்று உலகம் முழுவதும் ஒரு நாள் வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைத்தவர்களில் கிளாரா செட்கின் முக்கியமானவர். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தை 1881-இல் தொடங்கிய கிளாரா பார்ட்டனுக்கு அப்போது வயது 59.

யாராவது மறுபடி கேட்டால், ஒளி என்பதோடு குரல் என்றும் சேர்த்துச் சொல். புனித கிளாராவின் திருநாள் ஆகஸ்ட் 11. அன்று உனக்காகப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா