வேதியியல் பட்டப்படிப்பைக் கடைசித் தெரிவாகச் சொல்லாதீர்கள்: உயர்கல்விக் கருத்தரங்கு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் பல்கலைக்கழகத்திற்கு முந்தைய படிப்புகளான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் பயிலும் மாணவர்களுக்காகப் பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் நீங்கள் நடத்தும் உயர்கல்வி வழிகாட்டிக் கருத்தரங்குகள் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெருந்துணையாக இருக்கின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும் யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் திணறும் பெற்றோரின் பக்கத்தில் அமர்ந்து உங்கள் தொண்டர்கள் பொறுமையாக உதவுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நன்றி குறையாமல்தான் இதை எழுதுகிறேன். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என விரிவாகப் பேசிவிட்டு, 'இவையெல்லாம் கிடைக்காவிட்டால் வேதியியல் போடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அப்படிப் போட்ட பிள்ளைகளில் சிலர் எந்த வேதியியல், எதற்காக என்று கேட்டறியாமலே பட்டம் முடித்து, பினாங்குப் பெருநிலத்தின் பிறை நகரில் நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்திற்கு நேர்காணலுக்கு வருகிறார்கள்.

கரைசலில் கலந்துள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அழுத்தம் திடீரென்று ஏறினால் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடம் கேட்பது என் வழக்கம். கருவியைத் தம் கையால் இயக்கியவர், வடிகட்டி அடைத்திருக்கலாம், கரைப்பானில் இருந்த உப்பு குழாயில் படிந்திருக்கலாம், ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பேன் என்று உடனே சொல்லத் தொடங்கிவிடுவார். விரிவுரையாளர் இயக்கியதைச் சுற்றி நின்று பார்த்தவரோ கருவியின் தத்துவத்தைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார். அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். இருவரும் கொண்டுவரும் சான்றிதழில் சி.ஜி.பி.ஏ. எனும் சராசரித் தரப்புள்ளி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே, எந்தப் பல்கலைக்கழகம் பெரியது என்ற பேச்சைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 40 மணி நேரக் கற்றல்; இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். விரிவுரையும் வீட்டில் படிக்கும் நேரமும் அந்த 40 மணிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், கிரெடிட் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் செய்முறைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. வாரத்திற்கு எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் நிற்க வேண்டும், ஒரு கருவிக்கு எத்தனை பேர், தொழிற்பயிற்சி எத்தனை வாரம், இறுதியாண்டு ஆய்வை மாணவரே செய்முறையாகச் செய்ய வேண்டுமா என்பவற்றைத் துறையிடமே நேரில் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பலரும் சொல்லாமல் விடும் செய்தி இன்னொன்று உண்டு. 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின்படி, இந்நாட்டில் வேதியியலாளராகத் தொழில் செய்வோர் இன்ஸ்டிடியூட் கிமியா மலேசியா எனும் மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு அக்கழகம் ஏற்றுக்கொள்ளும் பட்டம் தேவை. உயர்கல்வித் தகுதிகளை மதிப்பிடும் எம்.கியூ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் வேறு, கழகத்தின் ஏற்பு வேறு. எனவே படிப்பின் பெயரில் வேதியியல் என்று இருப்பதை மட்டும் நம்பிச் சேராமல், அதிலும் குறிப்பாகத் தனியார் கல்லூரியிலோ வெளிநாட்டிலோ படிக்க விரும்புவோர், கட்டணம் கட்டும் முன்பே கழகத்திடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. சேர்ந்த பிறகு கேட்டால் பதில் எதுவாக இருந்தாலும் படித்துத்தான் தீர வேண்டும்.

வேதிப் பொறியியலையும் வேதியியலையும் ஒன்றாகக் கருதும் பெற்றோரும் இருக்கிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் குளுகோர் வளாகத்திலும், வேதிப் பொறியியல் நிபோங் தெபால் வளாகத்திலும் இருக்கின்றன. பொறியாளர்களைப் பதிவு செய்யும் வாரியமும் வேறு. கணக்கு வராது, அதனால் பொறியியலை விட்டு வேதியியலுக்குப் போகிறேன் என்று சொல்லும் மாணவரையும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். இயற்பிய வேதியியலில் வெப்ப இயக்கவியலும் குவாண்டமும் வரும்போது நுண்கணிதம் இல்லாமல் ஓரடி நகர முடியாது.

வேலை இல்லாத படிப்பு என்ற பேச்சும் மண்டபத்தில் காதில் விழுகிறது. 1972இல் தொடங்கிய, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தூய நீரையும் வேதிப்பொருள்களையும் சோதிக்க ஆள் வேண்டும். சமையல் எண்ணெய் கெடுவதைக் காட்டும் பெராக்சைடு அளவையும் கையுறை இரப்பரின் தரத்தையும் சோதிக்க ஆள் வேண்டும். பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்ட அரசாங்க வேதியியல் துறைக்கும் ஆள் வேண்டும். தொடக்கச் சம்பளம் மருத்துவரின் சம்பளத்தை எட்டாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரிந்தே வருகிறவர்கள்தாம் இத்துறையில் நிலைக்கிறார்கள்.

அடுத்த கருத்தரங்கில் வேதியியலுக்கென அரை மணி நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானும் வருகிறேன். அண்மையில் பட்டம் முடித்த இளையோர் இருவரையும் அழைத்து வருகிறேன். ஏதேனும் இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களைத் திரையில் காட்ட மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு வேதியியலாளர்