தர்ட் வேர்ல்டுக்கு ஒற்றை வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜமைக்காவின் ரெகே இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாப் மார்லிக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தர்ட் வேர்ல்ட் குழுவை 'ரெகேயில் டிஸ்கோவைக் கலந்து நீர்க்கச் செய்தவர்கள்' என்று, நடன அரங்க இசையைச் சேர்த்துக் கெடுத்தவர்களாக, ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனது உறுத்துகிறது. 1973இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தொடங்கி, அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த குழு அது.

கட்டுரையாளர் மனத்தில் இருப்பது 1978இல் வந்த 'நவ் தட் வீ ஃபவுண்ட் லவ்' என்ற பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஓ'ஜேஸ் குழு நிதானமாகப் பாடிவைத்திருந்த, சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைப் பாட்டு அது. இவர்கள் அதை ஆடவைத்தார்கள். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடத்தைத் தொட்டது. 1991இல் ஹெவி டி அதையே ராப் ஆக்கினார். டிஸ்கோ வாடை அடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ரிச்சர்ட் டேலியின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அது ஜமைக்காவை விட்டு ஓர் அடி நகரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு இதே குழு என்ன செய்தது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1865 அக்டோபரில் ஜமைக்காவின் மொரண்ட் பே நகரின் நீதிமன்றத்தை நோக்கி பால் போகிள் ஏழை மக்களைத் திரட்டி நடந்தார். பிரிட்டிஷ் ஆளுநர் எட்வர்ட் ஐயர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். நானூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், போகிள் தூக்கிலிடப்பட்டார். '96 டிகிரீஸ் இன் த ஷேட்' என்ற பாட்டு அந்தக் கதைதான். தூக்குக் கயிற்றின் முன் நிற்பவனே 'மேதகு ஆளுநரே' என்று விளித்துப் பேசுகிறான். மெட்டோ வெயிலில் காய்வது போல் சாவகாசமாகப் போகிறது. (96 என்பது ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் சுமார் 35.6. நிழலிலேயே அவ்வளவு!) கோபத்தை உரக்கச் சொன்னால்தான் ரெகே என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும்.

கலப்பு என்பது இவர்களுக்குக் கடைத்தெருவில் வந்த யோசனை அல்ல. கிட்டார் வாசித்த ஸ்டீபன் 'கேட்' கோர் மேடையில் செல்லோவும் வாசித்தவர். அவருடைய தந்தை டேவிட் கோர் ஜமைக்காவின் துணைப் பிரதமராக இருந்தவர். கீபோர்டு வாசித்த 'ஐபோ' கூப்பர் முறையாகப் பியானோ பயின்றவர். இருவரும் இன்னர் சர்க்கிள் குழுவிலிருந்து பிரிந்து வந்துதான் இதைத் தொடங்கினார்கள். காதில் விழுந்து வளர்ந்த இசையெல்லாம் கையில் வராமல் எப்படி இருக்கும்?

கலப்படம் குற்றமென்றால் மார்லியும் தப்ப முடியாது. அவருடைய வெய்லர்ஸ் குழுவின் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தில் ராக் ரசிகர்களுக்காக வெய்ன் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கரின் கிட்டாரை லண்டனில் சேர்த்தார்கள். அதை யாரும் நீர்த்துப்போனதாகச் சொல்வதில்லை, கட்டுரையாளரும் சொல்லவில்லை.

இவர்கள் செய்ததெல்லாம் பொன் என்று வாதாட வரவில்லை. 1982இல் ஸ்டீவி வொண்டர் எழுதிக்கொடுத்த 'ட்ரை ஜா லவ்' இன்றும் இனிக்கிறது. அதற்குப் பிந்தைய சில ஆல்பங்களை நான் இரண்டாம் முறை கேட்டதில்லை.

இன்னொன்று. எண்பதுகளோடு குழுவின் கதை முடிந்துவிட்டது போன்ற தொனி கட்டுரையில் இருக்கிறது. பாடகர் பன்னி ரக்ஸ் 2014இல் மறைந்தார், கூப்பர் 2023இல் மறைந்தார். இந்த இரண்டு சாவுகளுக்கும் நடுவே, 2019இல், 'மோர் வொர்க் டு பி டன்' ஆல்பம் வந்து கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. அதைத் தயாரித்தவர் டேமியன் மார்லி. தந்தைக்கு ஐந்து பக்கம் எழுதியவர், மகன் யாரோடு உட்கார்ந்து வேலை செய்தார் என்றும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்