செப்டம்பரில் கப்பல் ஏறலாமா?

ஆசிரியருக்கு வணக்கம். செப்டம்பரில் மயாமியிலிருந்து கரீபியன் கப்பல் சுற்றுலா போகலாம், டிக்கெட் மலிவு என்று அங்கிருக்கும் மகள் கூப்பிட்டாள். மலிவுக்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது, அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், செப்டம்பர்தான் உச்சம். கப்பல் பெரும்பாலும் புயலைச் சுற்றிப் போய்விடுமாம், சரி. ஆனால் துறைமுகத்தை மூடிவிட்டால் கரை திரும்ப ஒன்றிரண்டு நாள் தள்ளும். 2023 மிக்ஜாம் புயலில் சென்னைக்கு ரயில் இல்லாமல் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியவன் நான், அதனால் சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துவைத்தேன், ஊர் திரும்பும் விமானத்தையும் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். பயணக் காப்பீட்டைப் பொதுவாகப் புயலுக்குப் பெயர் வைக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டுமாம். டிக்கெட் விற்ற ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை!

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்