உழவர் சங்க ஆண்டறிக்கை: சேர்ந்து கேட்கும் வானொலி

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கண்மாய் மடையைப் பழுதுபார்க்கக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கண்மாயின் மிகை நீர் வழியும் கழுங்கை அடைத்திருந்த சீமைக் கருவேலத்தை, அந்தப் பாசன நிலத்துக்காரர்களான ஆயக்கட்டுதாரர்களே இறங்கி வெட்டியதால் மழைக்கு முன்பே அந்த வேலை முடிந்தது. அவர்களுக்கு நன்றி.

இவ்வாண்டு சங்கம் புதிதாகத் தொடங்கியது, வேளாண் ஒலிபரப்பைக் கட்டடத்தில் கூடிக் கேட்டுப் பேசும் வழக்கம். ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும்போது கூடி உட்காருவது எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. அந்நாளில் ரேடியோ பெட்டி வசதியுள்ள வீடுகளின் பொருள். உழவர்கள் வானொலி கேட்டது பெரும்பாலும் ஊர்ப் பொதுப் பெட்டியில்தான். 1956இல் யுனெஸ்கோ துணையோடு புனே வட்டாரத்தில் 150 ஊர்களில் ஒரு சோதனை நடந்தது. கனடாவில் 1941 முதல் நடந்துவந்த பண்ணை வானொலி மன்றமே அதற்கு முன்மாதிரி. வாரம் இரு முறை நிகழ்ச்சி. கேட்டு முடித்ததும் ஊர்க்காரர்கள் கூடிப் பேசுவார்கள். எழும் சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். பதில் பின்னொரு நிகழ்ச்சியில் வரும். மன்றம் இருந்த ஊர்களில் விஷயஞானம் நன்கு உயர்ந்தது. ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அந்த அளவுக்கு உயரவில்லை. கேட்டவருக்குத் தந்த கேள்வி உரிமைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது என் துணிபு.

1960களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல் ரகத்தை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். குறுகிய காலக் குறுவை ரகம். அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி வயல்வரை கொண்டுசேர்த்தது. நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. ஆனால் அது காவிரிப் பாசனத்தின் கதை. காவிரியின் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் காத்திருக்கின்றன. மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக்காரனுக்கு வேண்டியதை அவனே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

டிரான்சிஸ்டர் வந்தபின் அவரவர் வரப்பில் அவரவர் பெட்டி. தொலைக்காட்சியும் கூட்டமாகத்தான் தொடங்கியது: 1967 ஜனவரி 26இல் டெல்லியில் பிறந்த ‘கிருஷி தர்ஷன்’ நிகழ்ச்சியை 80 ஊர்களில் பொதுப்பெட்டி வைத்துக் காட்டினார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது; அதன் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே பலர். 2015இல் உழவர்களுக்கென்றே டிடி கிசான் அலைவரிசை வந்தது. பெரும்பாலும் இந்தி என்பதால் நமக்கு எட்டவில்லை.

இனி நம் கட்டடத்தில் நடந்தது. ஒரு நாள் நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் உரம் என்று ஒலிபரப்பில் சொன்னார்கள். நம்மில் யார் ஹெக்டேரில் உழுகிறோம்? மூட்டைக் கணக்கு தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி, பேரனின் நோட்டை வாங்கி, ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று வகுத்துப் பார்த்து, “ஏக்கருக்கு நூத்தி அறுபது கிலோ, ஐம்பது கிலோ மூட்டைன்னா மூணுக்கு மேலே கொஞ்சம்” என்றார். அடுத்த கேள்வி எப்போது போடுவது என்பது. கிணற்று நீர் பாய்ச்சும் இறவைக்கு 40, 45ஆம் நாள். மானாவாரிக்கு 40இலிருந்து 75 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது போட்டு மண் அணைக்க வேண்டும். அந்த ‘ஈரம் இருக்கும்போது’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினோம். செம்மண் மேட்டில் மழை விட்ட மறுநாளே ஈரம் போய்விடுகிறது என்று பலர் சொன்னார்கள். தனியாகக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வி காதோடு போயிருக்கும்.

அதை எழுதி வைத்திருக்கிறோம். இதுபோல் சேர்ந்த கேள்விகளை வானொலி நிலையத்துக்கும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் அனுப்பச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பதில்கள் தகவல் பலகையில் ஒட்டப்படும். கேள்வி நோட்டு கட்டட மேசையில் இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் இளைஞர்கள் எழுதித் தருவார்கள். பெண்கள் அதிகமாக வர வேண்டும், விதைப்பும் களையெடுப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் புரட்டாசிக்குள் செலுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்